ஒரே வீட்டுக்கு ஐந்து பேர் வருகிறார்கள், யாரிடம் சொல்வது?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 46. ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பில் பொறுப்பில் இருப்பவர். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, அவருடைய நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவர் தெருவில் ஒரு கொத்தனார் குடும்பம். ஆறு மாதத்துக்கு முன் கொத்தனாருக்கு நுரையீரல் காசநோய் என்று தெரிந்து மாத்திரை தொடங்கினார்கள். மனைவி இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. நான்கு வயதில் ஒரு பெண் பிள்ளை. கொத்தனாரின் அம்மா பக்கவாதம் வந்து கட்டிலோடு இருக்கிறார். அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று சொல்லவே முடியாது. கர்ப்பிணியைப் பார்க்க கிராம சுகாதார செவிலியர் வருகிறார். பிள்ளைக்காக அங்கன்வாடி பணியாளர் வருகிறார். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையோடு மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வருகிறார். கொத்தனாருக்காகக் காசநோய்ப் பிரிவிலிருந்து ஒருவர் வருகிறார். குழுக் கடன் தவணைக்கு ஊக்குநர் வருகிறார். "ஐந்து பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் ஒருவர் வந்துபோனது இன்னொருவருக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறார் சகோதரி.

மாத்திரை சாப்பிட்ட இரண்டு மாதமும் கொத்தனார் வேலைக்குப் போகவில்லை. தவணை நின்றது. குழுவில் கேட்டார்கள். இருமல் கொஞ்சம் குறைந்ததும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், மாத்திரையும் நின்றது. போன மாதம் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவரை அரசு மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார், மறுபடி மாத்திரை சாப்பிடுகிறார்.

இது மனத்தை உறுத்தியதால் சகோதரி ஊர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, கூகுள் படிவம் போட்டு, முந்நூற்றுச் சொச்சம் வீடுகளில் யாருக்கு என்ன நோய் என்று கணக்கெடுத்தார். அந்தப் பட்டியலை ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார்கள். அப்புறம்தான் சிக்கல். டீக்கடையில் கொத்தனாருக்கு மட்டும் தனி டம்ளர். மனநல மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்ணின் பெற்றோர் சகோதரியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். "யாரைக் கேட்டுக் கணக்கெடுத்தீர்கள்?" என்று செவிலியரும் கோபப்பட்டிருக்கிறார்.

அவர் கேட்பது நான்கு. ஒன்று, இந்தத் துறைகளை எல்லாம் ஒன்றாக உட்காரவைக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? இரண்டு, ஊரில் உள்ள நோயாளிகள் பட்டியலை அரசிடமிருந்து வாங்க முடியுமா? மூன்று, இதற்காக ஒரு டிரஸ்ட் பதிவு செய்ய வேண்டுமா? நான்கு, ஊரைச் சேர்ந்த ஒருவர் மூன்று லட்சம் ரூபாய் தரத் தயாராக இருக்கிறார். மாதாமாதம் இலவச மருத்துவ முகாம் நடத்தலாமா, ஆம்புலன்ஸ் வாங்கலாமா?

அன்புச் சகோதரிக்கு,

"நான் அதே தெருவில் இருந்தும் கவனிக்கவில்லையே" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கவனித்ததால்தான் எழுதியிருக்கிறீர்கள், அம்மா. பொது சுகாதாரத் துறை மருத்துவராக வட்டார அளவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் விவரித்த வீடு தமிழ்நாட்டின் எந்த ஒன்றியத்திலும் இருக்கிறது. உங்கள் நான்கு கேள்விக்கும் வருகிறேன். அதற்கு முன் இந்த வாரமே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் அந்த வீடு

கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். "பிள்ளைக்கு எடை குறைவாக இருக்கிறது என்று அங்கன்வாடியில் சத்துமாவு கூடுதலாகத் தருகிறார்கள்." என் கண் அந்த வரியில்தான் நின்றது. நுரையீரல் காசநோய் உள்ளவரோடு ஒரே வீட்டில் படுத்து எழும் பிள்ளை, எடை ஏறவில்லை. அங்கன்வாடி பணியாளரிடம் எடை அட்டை இருக்கிறது, ஆனால் அப்பாவுக்குக் காசநோய் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. காசநோய்ப் பணியாளருக்கு அப்பாவைத் தெரியும், பிள்ளையின் எடை தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் எந்த மருத்துவரும் அந்தப் பிள்ளையை உடனே பரிசோதிக்கச் சொல்லியிருப்பார்.

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்றால் கூட இருக்கும் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது கட்டாயம். நோய் இல்லை என்று உறுதியானால் நோய் வராமல் இருக்கத் தடுப்பு மாத்திரை உண்டு. நோய் இருந்தால் சிகிச்சை உண்டு. இரண்டும் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகும்போது எடை அட்டையையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். கர்ப்பிணியையும் கட்டிலில் இருக்கும் அம்மாவையும் பரிசோதித்தார்களா என்றும் கேளுங்கள். இருமல், மாலைக் காய்ச்சல், எடை இறங்குவது இவற்றில் ஒன்று இருந்தாலும் கர்ப்பிணியின் பரிசோதனையைப் பிரசவம் வரை தள்ளிப்போடக் கூடாது.

கொத்தனாரைப் பற்றி. மாத்திரையைப் பாதியில் விட்டு மறுபடி தொடங்கியவருக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகியிருக்கிறதா என்று சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். மருத்துவமனையில் சேர்த்தபோதே செய்திருப்பார்கள். முடிவு என்னவென்று அவரோ மனைவியோ கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அவர் மறுபடி திருப்பூருக்குப் போக நேர்ந்தாலும் மாத்திரை நிற்க வேண்டியதில்லை. அவருடைய நிக்ஷய் எண்ணை (அரசின் காசநோய்ப் பதிவேட்டில் அவருக்குள்ள எண்) காட்டினால் அங்குள்ள அரசு மருத்துவமனைக்கே சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம். வெளியூர் வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாமலே மாத்திரை நின்றுபோகிறது.

டீக்கடை டம்ளர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். காசநோய் டம்ளரில் பரவாது, காற்றில் பரவும். அதுவும் சரியான மருந்தை இரண்டு வாரம் போல ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டால், மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருக்கும்பட்சத்தில், அவர் மற்றவர்களுக்குப் பரப்பும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். தனி டம்ளரால் டீக்கடைக்காரருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. கொத்தனார் இனி வெளியே தலைகாட்டத் தயங்குவார் என்பது மட்டும் நிச்சயம். நோயை மறைத்து மாத்திரையை விடுகிறவர்கள் அங்கிருந்துதான் உருவாகிறார்கள்.

உங்கள் கூட்டமைப்பும் அந்த ஐந்தில் ஒன்று

இதைச் சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும், ஆனாலும் சொல்ல வேண்டும். அரசுத் துறைகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொத்தனார் மாத்திரையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனதற்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கும் நேரடிக் காரணம் தவணை. உங்கள் ஊக்குநருக்கு அந்த வீட்டில் சிகிச்சை நடக்கிறது என்பது தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

ஆகவே, வேறு யாருடைய அனுமதியும் இல்லாமல் நாளைக்கே நீங்கள் செய்யக்கூடிய உதவி இது. அந்த வீட்டுத் தவணையை ஆறு மாதம் தள்ளிவைக்கவோ பிரித்துக் கட்டவோ குழுவில் தீர்மானம் போடலாம். கூட்டமைப்பில் நலிவுற்ற குடும்பங்களுக்கென்று ஒதுக்கும் நிதி இருக்கும், அதிலிருந்தும் கொடுக்கலாம். தீர்மான நோட்டில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினால் போதும், நோயின் பெயர் அங்கே வேண்டாம். வெளியே தனியார் நுண்கடன் நிறுவனத்தில் வாரத் தவணை ஏதும் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் அதையும் பேசித் தீர்க்காமல் அவர் வீட்டில் இருந்து மாத்திரை சாப்பிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

1950-களின் இறுதியில் சென்னையில் நடந்த ஆய்வுதான், காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. அன்றிலிருந்து சிகிச்சை வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது வாடகை, கடன், அடுப்பு, கைப்பிள்ளை எல்லாம் சிகிச்சையோடு சேர்ந்துகொண்டன. மாத்திரை ஒழுங்காகப் போக வேண்டுமானால் இவற்றையும் யாராவது பார்க்க வேண்டும்.

சோற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், காசநோயாளியின் வீட்டில் உள்ள மற்றவர்களுக்குத் தலைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. அரிசியையும் பருப்பையும் கொண்டு ஒரு தொற்றுநோயை இவ்வளவு தடுக்க முடிகிறது என்றால், ரேஷன் கடையும் சுகாதாரத்தின் ஒரு பகுதி என்றுதான் பொருள்.

அந்த வீட்டுக்கு வர வேண்டியவை வருகின்றனவா என்று ஒரு தடவை சரிபாருங்கள். காசநோயாளிக்குச் சிகிச்சைக் காலம் முழுக்க ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ஆக இருந்தது. கணக்கு ஆதாரோடு இணையாமல் பணம் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. கர்ப்பிணிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். பிக்மி எண் (கர்ப்பிணிகள் பதிவேட்டு எண்) பதிவாகியிருக்க வேண்டும், தவணைகள் வந்தனவா என்று பார்க்க வேண்டும். கட்டிலில் இருக்கும் அம்மாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தால், கடுமையான பாதிப்பு என்று சான்று கிடைக்கும்பட்சத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு போடலாம். 2023-இல் அது மாதம் 2,000 ரூபாய் ஆனது. அந்த வகையில் வராவிட்டால் முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு போட வேண்டும். கொத்தனாருக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு இயன்முறை சிகிச்சையாளரும் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும் வீடு தேடி வருவார்கள். அம்மாவுக்கு இதுவரை மாத்திரை மட்டும்தான் வருகிறது என்றால், யாரும் அவர் பெயரை அவர்களிடம் சொல்லவில்லை என்று அர்த்தம்.

அந்தப் பட்டியல்

நல்ல எண்ணத்தோடு எடுத்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் செவிலியரின் கோபம் நியாயமானது. ஒருவருடைய நோய் அவருக்குச் சொந்தமான செய்தி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. எச்.ஐ.வி. பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்த ரகசியத்தைத் தனியாகவே பாதுகாக்கின்றன. மனநல மாத்திரை சாப்பிடும் பெண்ணின் பெற்றோர் புகார் கொடுக்க நினைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஊர் உங்களை நம்பினால்தான் அடுத்த வேலை நடக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து பட்டியலை எல்லாருக்குமாக நீக்குங்கள். முடியாவிட்டால் குழு நிர்வாகியாக இருப்பவரிடம் சொல்லி அதை நீக்கவையுங்கள். இறக்கி வைத்திருப்பவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசி அழிக்கச் சொல்லுங்கள். கூகுள் படிவத்தையும் அதன் பின்னால் இருக்கும் தாளையும் அழியுங்கள். குழுவில் எல்லாருக்கும் பொதுவாக மன்னிப்புக் கேட்டு எழுதாதீர்கள். அது அதே பெயர்களை மறுபடி நினைவுபடுத்தும். கொத்தனார் வீட்டுக்கும் அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். டீக்கடைக்காரரிடம் நீங்கள் பேச வேண்டாம். உங்கள் பகுதி சுகாதார ஆய்வாளரிடம் சொன்னால், யார் பெயரும் இல்லாமல் காசநோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று கடைகளில் பேசிவிட்டு வருவார். அது அவருடைய வேலையின் பகுதிதான்.

இதிலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. நோயாளிகள் பட்டியலை அரசு உங்களுக்குத் தராது, தரக் கூடாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் பெயர்கள் வராது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்ய நினைக்கும் வேலைக்கு அந்தப் பட்டியல் தேவையே இல்லை.

ஒரு வீட்டுக்கு என்ன வேண்டும் என்பதை நோயின் பெயர் இல்லாமலே சொல்ல முடியும். 'கட்டிலில் ஒரு முதியவர், சமைக்க ஆளில்லை.' 'பென்ஷன் மனு நிற்கிறது.' 'மாதம் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.' 'சம்பாதிக்கிறவருக்கு ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாது.' உங்கள் குழுப் பெண்கள் செய்யக்கூடிய உதவிக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். என்ன நோய், என்ன மாத்திரை என்பது செவிலியருக்கும் மருத்துவருக்கும் உள்ள விஷயம். இந்தத் தேவையைக்கூட அந்த வீட்டுக்காரரிடம் "உங்களுக்காக இன்னாரிடம் பேசட்டுமா?" என்று கேட்டு, சரி என்ற பிறகுதான் வெளியே சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

அவர்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை

"யாருக்கும் அக்கறை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. கிராம சுகாதார செவிலியர் பொது சுகாதாரத் துறை. அங்கன்வாடி சமூக நலம், மகளிர் உரிமைத் துறை. உங்கள் கூட்டமைப்பு ஊரக வளர்ச்சி. பென்ஷன் வருவாய்த் துறை. ரேஷன் கடைக்குக் கூட்டுறவுத் துறை. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனித் துறை. செவிலியர் பிக்மியில் பதிய வேண்டும், அங்கன்வாடி பணியாளர் போஷன் டிராக்கரில், காசநோய்ப் பணியாளர் நிக்ஷயில். ஒருவர் பதிவது இன்னொருவர் திரையில் தெரியாது. மாத முடிவில் மேலதிகாரி ஒவ்வொருவரிடமும் கேட்பது அவரவர் பதிவேட்டின் எண்ணிக்கையைத்தான். கொத்தனார் வீடு மொத்தமாக எப்படி இருக்கிறது என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நாள் முழுக்க வெயிலில் நடந்து, இரவில் செல்போனில் பதிவேற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்களைக் குற்றம் சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது. அவர்கள் ஐந்து பேரும் மாதம் ஒருநாள் ஒருவரையொருவர் பார்த்துப் பேச ஓர் இடமும் அரை மணி நேரமும் வேண்டும்.

எங்கே உட்காருவது, என்ன உரிமை

அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது. மாதம் ஒருநாள் அங்கன்வாடியில் கிராம சுகாதார, ஊட்டச்சத்து தினம் நடக்கும். செவிலியரும் அங்கன்வாடி பணியாளரும் அன்று எப்படியும் அங்கே இருப்பார்கள். தடுப்பூசி வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் பெரும்பாலும் உங்கள் குழுக்களிலிருந்தே வந்தவராக இருப்பார், அவரை அழைப்பது எளிது. அப்புறம் ஊராட்சிச் செயலர், கூட்டமைப்பிலிருந்து நீங்கள் ஒருவர். இவ்வளவு பேர் போதும். எடுத்த எடுப்பில் எல்லா வீட்டையும் பேச வேண்டாம். சம்மதம் சொன்ன மூன்று நான்கு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவரைப் பொறுப்பாளராகப் போடுங்கள். கொத்தனார் வீட்டுக்கு அங்கன்வாடி பணியாளர் என்று வைத்துக்கொண்டால், அந்த வீட்டில் யாருக்கு எந்தத் துறையில் எது நின்றாலும் அவர்கள் அவரிடம் சொல்வார்கள், அவர் உரியவருக்குச் சொல்வார். வேலையை எல்லாம் அவரே செய்ய வேண்டியதில்லை. நோட்டில் நான்கு பத்தி போதும்: வீடு, என்ன தேவை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். அந்த நோட்டு அங்கன்வாடியில் பூட்டி இருக்கட்டும், படம் பிடித்து யாருக்கும் அனுப்பக் கூடாது.

உரிமை என்று கேட்டீர்கள். அரசு வழிகாட்டுதலின்படியே ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். பெயரில் ஒன்றிரண்டு சொல் இடத்துக்கு இடம் மாறும். அதில் மகளிர் குழுப் பிரதிநிதிக்கு இடம் உண்டு. தேசிய சுகாதாரத் திட்டத்திலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை வரும். பல ஊர்களில் அந்தப் பணம் பிளீச்சிங் பவுடரோடு முடிந்துவிடுகிறது, குழு கூடியதாகக் கையெழுத்து மட்டும் இருக்கும். உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் உறுப்பினர், கடைசியாக எப்போது கூடியது, பணம் எதற்குச் செலவானது என்று கேட்பது உங்கள் உரிமை. வாய்வார்த்தையில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆனால் மனுவோடு தொடங்காதீர்கள். முதலில் செவிலியரிடம் போய்ப் பட்டியல் விஷயத்துக்கு வருத்தம் சொல்லுங்கள். அவர் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

வட்டார மருத்துவ அலுவலர் கடிதம் கேட்டால் அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதம் இருந்தால்தான் அவர் தன் ஊழியரை அந்த அரை மணி நேரம் அதிகாரபூர்வமாக அனுப்ப முடியும். அதற்கு வலுவான ஆதாரம் கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். 'சுகாதாரக் குழு மாதந்தோறும் கூட வேண்டும், இன்னின்ன துறைப் பணியாளர்கள் பங்கேற்க வேண்டும்' என்று ஒரே தீர்மானம், தெளிவான சொற்களில். நகல் வட்டார மருத்துவ அலுவலர், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் மூவருக்கும் போக வேண்டும். உங்கள் ஊராட்சியில் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் அவரிடமே நேராகப் பேசுங்கள்.

இது நடக்கிற காரியமா என்று உங்களுக்குத் தோன்றலாம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில், 2000-களின் தொடக்கத்தில், கட்டிலோடு இருக்கும் நோயாளிகளை அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களே வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பதாக ஆரம்பித்தார்கள். நோயாளிக்கு அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பதையும் அவர்களே கவனித்தார்கள். மருந்துக்கு மட்டும் செவிலியரும் மருத்துவரும். 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே ஏற்று, வீட்டுப் பராமரிப்பை உள்ளாட்சிகளின் பொறுப்பில் சேர்த்தது. அங்கே ஊர் முதலில் செய்துகாட்டியது, அரசு பிறகு வந்தது. நம் ஊரில் அரசின் ஆள்கள் ஏற்கெனவே வீட்டு வாசல் வரை வருகிறார்கள். அந்த வகையில் உங்கள் வேலை பாதி சுலபம்.

மூன்று லட்சம் ரூபாய்

முகாம் வேண்டாம் என்பேன். முகாமில் நூறு பேருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, இருபது பேருக்கு இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். மறுமாதம் அந்த இருபது பேரும் எங்கே மாத்திரை வாங்குகிறார்கள் என்று பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். அதே பரிசோதனையைச் செய்து, மாதாமாதம் மாத்திரையும் கொண்டுவந்து தருவதற்குத்தான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. உங்கள் ஊர்த் தன்னார்வலரின் பட்டியலில் விடுபட்டவர்கள் யார் என்று பார்த்துச் சேர்த்துவிட்டால் முகாமைவிட அதிகம் நடக்கும்.

ஆம்புலன்ஸும் வேண்டாம். வண்டி வாங்குவதற்கு மூன்று லட்சம் போதாது. வாங்கினாலும் ஓட்டுநர் சம்பளம், டீசல், காப்பீடு என்று மாதாமாதம் செலவு வரும். அவசரத்துக்கு 108 இருக்கிறது. ஊரில் குறைவது அவசரம் இல்லாத பயணத்துக்கு வண்டிக்காசு. ஸ்கேன், ஊனச் சான்று முகாம், டயாலிசிஸ், மாவட்ட மருத்துவமனை மறுபரிசோதனை இதற்கெல்லாம் ஆட்டோ வாடகையும் ஒருநாள் கூலியும் இல்லாமல்தான் ஏழைகள் போகாமல் விடுகிறார்கள். அந்த நன்கொடையாளர் சம்மதித்தால் ஒரு பகுதியை இந்தப் பயணச் செலவுக்கு ஒதுக்குங்கள். இன்னொரு பகுதியை, அவர் தம் பெயரிலேயே நிக்ஷய் மித்ராவாக (காசநோயாளிகளுக்கு உதவ முன்வருபவராக) அரசிடம் பதிவு செய்துகொண்டு, சம்மதித்த காசநோயாளிகளுக்கு ஆறு மாதம் உணவுப் பொட்டலமாகக் கொடுக்கலாம். வட்டாரக் காசநோய்ப் பிரிவே வழி சொல்லும். கொடுப்பதைப் படம் எடுத்துப் போடக் கூடாது என்ற நிபந்தனையை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சங்கடமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். மீதியை அவரிடமே இருக்கவிடுங்கள். ஆறு மாதம் நோட்டை எழுதிப் பார்த்தால் உங்கள் ஊரில் எது அதிகம் தடைபடுகிறது என்று தெரியும், அப்போது கேட்டு வாங்கலாம்.

டிரஸ்ட் இப்போதைக்குத் தேவையில்லை. கூட்டமைப்புக்கே வங்கிக் கணக்கும் தீர்மான நோட்டும் தணிக்கையும் இருக்கின்றன. டிரஸ்ட் என்று தொடங்கினால் வருமான வரிக் கணக்கு, அறங்காவலர், ஆண்டறிக்கை என்று உங்கள் நேரம் அங்கே போய்விடும். ஊரில் 'இவர்கள் பணம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்' என்ற பேச்சும் வரும், அதுவும் பட்டியல் பிரச்சினை ஆறாத நேரத்தில். வெளியூர் நிறுவனங்களிடம் தொடர்ந்து நன்கொடை வாங்கும் நிலை வந்தால் அப்போது யோசிக்கலாம்.

கடைசியாக, கூட்டத்துக்கு ஒரு துறை மட்டும் தொடர்ந்து வரவில்லை என்றால் என்ன செய்வது? மூன்று மாதம் பாருங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் கிராம சபைத் தீர்மான நகலையும், நின்றுபோன வேலைகளின் பட்டியலையும் (வீட்டு எண்ணோ பெயரோ இல்லாமல், 'பென்ஷன் மனு: 4, ஊனச் சான்று: 3' என்ற மாதிரி) இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்ட சுகாதாரச் சங்கத்தின் தலைவரும் ஆட்சியர்தான், வருவாய்த் துறையும் அங்கன்வாடியும் மாவட்டத்தில் அவர் பார்வையில்தான் இருக்கின்றன. ஐந்து துறைக்கும் ஒரே தாளில் உத்தரவு போட மாவட்டத்தில் அவரால் முடியும். மனுவைக் கொடுக்கப் போகும்போது தனியாகப் போக வேண்டாம். செவிலியர் அரசு ஊழியர் என்பதால் அவரை இழுக்காமல், உங்கள் கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேரையும் ஊராட்சியிலிருந்து ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மனு ரசீது எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.